காது நீண்ட அம்மோனைட்

தொல்லுயிர் ஆய்வாளரான அவள் அறுத்த கல்லை விளக்கடியில் திருப்பிக் குனிந்து பார்த்தாள். ஜுராசிக் காலத்துக் கடலடியில் கல்லாகிப்போன பெரிய அம்மோனைட் அது, தட்டு அகலத்துக்குச் சுருண்ட ஓடு. அதன் உள்சுருள்கள் பக்கத்தில் கிடந்த சின்ன அம்மோனைட்டோடு வரிக்கு வரி ஒத்துப்போயின. இரண்டும் வேறு வேறு இனம் என்று இத்தனை காலம் எல்லோரும், அவளும்தான், அடித்துச் சொல்லிவந்தார்கள். இல்லை, ஒரே இனம். பெரியது பெண், சின்னது ஆண்.

துள்ளிக் குதிக்க வேண்டிய கண்டுபிடிப்பு. ஆனால் சின்னதற்குப் பெயர் வைத்தவளே அவள்தான். கல்யாணமான புதிதில், ஓட்டின் வாயருகே இருபுறமும் காது மாதிரி நீண்டிருந்த மடல்களைப் பார்த்ததும் கணவரின் ஞாபகம் வந்து, அவர் பெயரையே லத்தீன் வால் ஒட்டிச் சூட்டிவிட்டாள். மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அந்தச் சின்ன அம்மோனைட்டின் படத்தைப் பெயரோடு கடைச் சுவரில் மாட்டி, கண் சோதிக்க வந்தவர்களையெல்லாம் அந்தப் பெயரையும் சேர்த்துப் படிக்க வைத்தார். இப்போது விதிப்படி முந்தி வைத்த பெயர்தான் நிற்கும், அது பெரியதன் பெயர். இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பாமல் விட்டால் யாருக்கும் தெரியாதுதான். அவளுக்குத் தெரியுமே.

இரண்டு கல்லையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள்.

"ஏங்க, உங்க பேரை எடுக்க வேண்டியிருக்கு."

அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாவே தெரியுதும்மா. ரெண்டும் ஒண்ணுதான்." குரல் இறங்கியிருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எழுதாம விட்டுடட்டுமா?"

"என்ன பேச்சு இது? பொய்யைக் கொண்டுவந்து என் தலையில கட்டுவியா?" படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் பெயின்ட் மங்காமல் இருந்தது. "அப்போ இந்த நத்தை இனிமே பொண்டாட்டி பேர்லதான் நடமாடணுமா?"

"நத்தை இல்லைங்க, கணவாய் மீனுக்குச் சொந்தம்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். கடைப் பலகையில் இருப்பது அவள் பெயர். அதோடு ஒரு 'சார்' சேர்த்துத்தான் தெருவே அவரைக் கூப்பிடும். அந்த ஆளும் அப்படியே கூப்பிட்டு, கண்ணாடி ரெடியா என்று கேட்டார்.

"இதோ, ரெடி சார்," என்றவர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வந்தவரை அனுப்பிவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியை மேஜையில் விரித்துப் பெரிய கல்லை வைத்தார். பிறகு சின்னதை எடுத்து, அதன் காது பெரியதன் மேல் படும்படி மெல்ல நகர்த்தி வைத்தார்.