மாமனாரின் வலது கால்

என் மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேறொருவர் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. ஓட்டுகிறவர் எங்கே பிசகுகிறாரோ அங்கே இல்லாத பிரேக்கை அது மிதிக்கும். என் கார் ஓட்டும் திறமைக்கு இதுவரை கிடைத்த ஒரே சான்றிதழ், முன்சீட்டில் அவர் கால் வைக்கும் இடத்தில் தேய்ந்து கிடக்கும் மிதியடிதான்.

அவருடைய மூத்த மகள், அதாவது என் மனைவி, சினிமா ஒளிப்பதிவாளர். அவள் தனியாக ஒளிப்பதிவு செய்த முதல் படம் தியேட்டரில் ஓடியபோது, மாமனார் இடது முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். படம் வீட்டிலேயே பார்க்கக் கிடைத்ததும், மச்சான் புதிதாக வாங்கியிருந்த ஓ.எல்.இ.டி. டிவியில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று காலையிலிருந்தே என் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஊரே நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சு. இன்னும் என்ன பயம்?" என்றேன்.

"ஊருக்கு எங்கப்பாவோட கால் இல்லையே" என்றாள்.

படத்தில் ஒரு காட்சி அவளுக்கு உயிர். நூல் ஆலையின் நீண்ட கூடம். கேமரா கதவிலிருந்து மெல்லத் திரும்பி, ஒவ்வொரு தூணாகக் கடந்து, கடைசி ஜன்னலோரம் நிற்கும் பெண்ணிடம் போய்ச் சேரும். இடையில் வெட்டே கிடையாது. அந்தத் திருப்பத்துக்கு வேகம் பிடிபடுவதற்காக அவள் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் ஹாலில் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பார்த்ததற்கு நான் சாட்சி.

அந்தக் காட்சி வந்தது. தூண்கள் தத்தித் தத்தி நகர்ந்தன. கொஞ்சம் நிற்கும், கொஞ்சம் பாயும். மாமனாரின் கால் தரையை மிதித்தது. ஒவ்வொரு தூணுக்கும் மிதித்தது.

"என்னம்மா, வளைவுல இப்படிக் குலுக்குற? நின்னுட்டு வர்றவன் விழுந்துடுவான்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"இருங்கப்பா, இதுக்கு டிவியிலேயே மருந்து இருக்கு" என்று மச்சான் ரிமோட்டை எடுத்தான். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பைக் கடைசிவரை ஏற்றிவிட்டு, காட்சியை மறுபடி ஓட்டினான். தூண்கள் எண்ணெய் தடவியது போல வழுக்கிச் சென்றன. அந்தப் பெண் கையை உயர்த்தியபோது விரல்களைச் சுற்றித் தண்ணீர் போல ஏதோ நெளிந்தது.

"அட, மத்தியான சீரியல் மாதிரி பளிச்சுனு இருக்கே!" என்றார் மாமியார்.

இதைவிட மோசமாக என் மனைவியை யாராலும் திட்டியிருக்க முடியாது.

இப்போது மாமனாரின் கால் மிதிக்கவில்லை. ஆனால் நெற்றி சுருங்கியது. "வண்டி ரோட்டுல ஓடுற மாதிரியே இல்லம்மா. பனிக்கட்டியில வழுக்குது."

"இது நான் எடுத்தது இல்லப்பா. சினிமாங்கிறதே வரிசையா ஓடுற ஸ்டில் படங்கள்தான். நான் எடுத்த ரெண்டு படத்துக்கு நடுவுல டிவி தானா ஒண்ணை வரைஞ்சு சொருகுது."

"ஆடத் தெரியாம என் டிவி மேல பழி போடாதக்கா" என்றான் மச்சான்.

"உன் டிவி ரொம்ப நல்ல டிவிடா, அதான் வம்பே. பழைய டிவில ஒரு படம் மறையறதுக்குள்ள அடுத்தது வந்து கலந்துடும். நொண்டினாலும் தெரியாது. இதுல ஒவ்வொண்ணும் பட்டுனு வந்து நிக்குது. எந்தத் தப்பையும் மறைக்காது."

அவள் வழவழப்பை அடியோடு அணைத்தாள். பிறகு இணையத்திலிருந்து படத்தை வாங்கி டிவிக்கு அனுப்பும், கீழே இருந்த சின்னப் பெட்டியின் அமைப்புகளைத் திறந்தாள். "பாரு, சினிமாவுக்கு நொடிக்கு இருபத்துநாலு படம். பெட்டி அறுபதா மாத்தி அனுப்புது. சமமா பங்கு போட முடியலை. ஒரு படத்தை ரெண்டு தடவை, அடுத்ததை மூணு தடவை காட்டுது. நொண்டாம என்ன செய்யும்?"

"கியர் சரியா விழலைன்னு சொல்லு" என்றார் மாமனார்.

"அதேதாம்பா." படத்தின் வேகத்திலேயே அனுப்பும்படி பெட்டியை மாற்றிவிட்டு எழுந்தாள். "இனிமே குலுங்கினா அது என் கை."

காட்சி மறுபடி கதவிலிருந்து தொடங்கியது. நாங்கள் எல்லாரும் டிவியைப் பார்த்தோம். அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் தூண் வந்து, போயிற்று. அடுத்தது. வழுக்கலும் இல்லை, நொண்டலும் இல்லை. கனமான ஒன்றை நல்ல கை திருப்புகிற திருப்பம். ஜன்னல் வந்தது, வெளிச்சம் வந்தது, அந்தப் பெண்ணின் முகத்தில் கேமரா வந்து நின்றது. நின்றது தெரியாமல் நின்றது.

கால் அசையவில்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். தியேட்டரில் ஜனங்கள் கைதட்டியபோதுகூட அந்த முகத்தை நான் கண்டதில்லை. ஹாலின் நடுவில் நின்று, "இவள் என் பொண்டாட்டி" என்று கத்தவேண்டும் போலிருந்தது. அங்கே இருந்த எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரியும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மாமனார் முக்காலியைப் பக்கத்தில் இழுத்தார். வலது காலைத் தூக்கி அதன்மேல் நீட்டி வைத்துக்கொண்டார்.

"இன்னொரு ட்ரிப் அடிம்மா" என்றார்.