மறக்காத பம்பு

எனக்கு மனிதக் கையில் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வருஷம் நூற்பாலையில் ஃபிட்டர் வேலை பார்த்ததில் வந்த புத்தி அது. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் புகைந்தாலும் போய்ப் பார்த்தால் முக்கால்வாசி யாரோ எதையோ மறந்திருப்பான். எண்ணெய் விட மறந்திருப்பான், போல்ட்டை முறுக்க மறந்திருப்பான். கேட்டால், "நேத்தே செஞ்சிட்டேன் ரூபஸ் அண்ணாச்சி, சத்தியமா" என்பான். அப்படிப்பட்ட சத்தியம் ஆயிரம் கேட்டவன் நான். என் பெண்டாட்டி ஆஸ்லின் அதே சத்தியத்தைச் செய்தபோதும் நான் நம்பவில்லை.

ஆஸ்லின் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊர் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். கல்யாணமாகி வந்த புதிதில், "எந்தப் பக்கம் திரும்புனாலும் கறுப்பா மண்ணு. கண்ணுக்கு ஒரு சொட்டு நீலம் உண்டா உங்க ஊர்ல?" என்று கேட்பாள். "தீப்பெட்டி லேபிள்ல இருக்கும், பாரு" என்பேன். சிரிப்பாள். சிரித்துவிட்டு மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்து நிற்பாள். அங்கே கடல் தெரியாது, வேலிக்கருவைதான் தெரியும். எனக்கே பாவமாக இருக்கும்.

அதனால்தான் 2003இல் முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைச் செய்து வைத்தேன். கடல் தண்ணீரை அவளுடைய அண்ணன் சாமுவேல்ராஜ் மீன் வண்டியில் கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. "குடிக்கத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்க வருது. டீச்சரம்மா கடலைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள விட்டுட்டாவ" என்று எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் ஊரெல்லாம் சொன்னாள்.

பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது. அவளும் அதில் கறார். சிமெண்டையும் சிப்பித்தூளையும் குழைத்து நான் கல் வார்த்துக் கொடுத்தேன். அந்தக் கல்லின் மேல் பவளப்பாசி வளர்த்தாள். ரோஸ் நிறத்தில் மெல்லிய ஓடு மாதிரி படரும். ஒரு ரூபாய்க் காசு அகலம் படர ஆறு மாதம் ஆகும். பூப்போல விரிந்து சுருங்குகிற உயிரான கடல் தாமரை ஒன்று, அதற்குள் புரண்டு விளையாட மூன்று கோமாளி மீன். அவ்வளவுதான் அவளுடைய கடல்.

இந்தப் பாசிக்குத் தினமும் சத்து கொடுக்க வேண்டும். காலையில் கால்சியக் கரைசல் நாற்பது மில்லி, சாயங்காலம் சோடாக் கரைசல் நாற்பது மில்லி. அளவு தப்பினாலோ, இரண்டும் அடுத்தடுத்து விழுந்தாலோ, தண்ணீர் சுண்ணாம்பு கலக்கியது போல வெளுத்துவிடும். அதை அவள்தான் ஊற்றுவாள். என் வேலை நல்ல தண்ணீர் ஊற்றுவது. நம்மூர் வெயிலுக்குத் தொட்டி நாளைக்கு நாலு லிட்டர் வற்றும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றி ஈடு செய்ய வேண்டும். ஐந்து வருஷம் இப்படியே ஓடியது, ஒரு குறையும் இல்லை.

2008 மே மாதத்தில் கால்சியக் கரைசல் கணக்கை விட்டுக் குறைந்தது. ஒரு மாதம் வரவேண்டியது பதினெட்டு நாளில் தீர்ந்தது. நான் பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். பள்ளிக்கூடம் லீவு, அவள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்பது போகிறது, ஒரு நாள் நூற்றிருபது.

"ஏட்டி, ரெண்டு வாட்டி ஊத்துதியா?"

"இல்லியே. காலைல ஒருக்கதான் ஊத்துனேன்."

"கோடு பொய் சொல்லுமா?"

"சத்தியமா ஒருக்கதான் ஊத்துனேங்க."

மில்லில் அந்தச் சத்தியத்தைக் கேட்டால் எப்படிச் சிரிப்பேனோ அப்படியே சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

ஜூன் முதல் வாரம் மில்லிலிருந்து வந்து பார்த்தால் தொட்டி முழுக்கப் பால். கடல் தாமரை சுருங்கிக் கிழிந்த துணி மாதிரி கிடந்தது. ஒரு கோமாளி மீன் மல்லாந்து மிதந்தது. ஆஸ்லின் அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

"கவனம் எங்கட்டி போச்சு? நீயெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுத டீச்சரா? அஞ்சு வருசத்துப் பாசி, ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டியே! இனிமே ரெண்டு தடவ ஊத்தினன்னு பார்த்தேன், கையை ஒடிச்சிருவேன்."

அவளை நான் அதற்கு முன் அப்படி ஏசியதில்லை. அவள் அழுதாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு என்னமோ செய்யுது. ஊத்துன மாதிரியும் இருக்கு, ஊத்தாத மாதிரியும் இருக்கு. பயமா இருக்கு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? படித்தவள், உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள், பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விடு. மிசின் வாங்கிருவோம்."

அன்றிலிருந்து ஒரு வாரம் எனக்கு வேறு சிந்தனையே இல்லை. எந்தப் பம்பை வாங்குவது என்பதுதான். முதலில் மருந்துக்கடையில் ஆஸ்பத்திரி ட்ரிப் செட் ஒன்று வாங்கி, கரைசல் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். காலையில் வைத்த வேகம் மதியம் இல்லை. குழாய்க்குள் உப்புப் படிந்து நின்றுவிட்டது. அடுத்து, மில்லில் தண்ணீருக்கு மருந்து விடுகிற பம்பு ஒன்று சும்மா கிடந்தது. மேனேஜரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து மாட்டினேன். அது யானை. ஒரு தும்மலுக்கு நூறு மில்லி கக்கும். கடைசியில் சென்னையில் ஒரு கடையைப் பிடித்தேன். வெளிநாட்டுப் பம்பு வைத்திருந்தார்கள். உள்ளே சின்ன உருளைகள் ரப்பர் குழாயை அழுத்திக்கொண்டே சுற்றும், கரைசல் இரும்பைத் தொடாது, ஒரு மில்லி தவறாது. ஒரு குழாய்ப் பம்பு வேண்டுமா, இரண்டு குழாய்ப் பம்பு வேண்டுமா என்று கேட்டார் கடைக்காரர். இரண்டு கரைசல் இருக்கிறதே, இரண்டு குழாய்தான் என்றேன். விலை குறைந்த மாடலும் உண்டு, அதில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது என்றார்.

அந்த வருஷம் எங்களுக்குக் கரண்டு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே நான் போனில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

"கரண்டு போயிட்டு வந்தா ஞாபகம் இருக்குமா? ஊத்திட்டோம்னு அதுக்குத் தெரியுமா? மறுபடியும் ஊத்திராதே?"

"பேட்டரி மாடல் மறக்காது சார். பத்து நாள் கரண்ட் இல்லைன்னாலும் ஞாபகம் வச்சிருக்கும்."

"அதையே அனுப்புங்க."

ஒரு இயந்திரத்தின் ஞாபகத்துக்கு இத்தனை விசாரணை செய்தவன் நான். என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஜூன் பதினொன்றாம் தேதி பார்சல் வந்தது. கடலைமிட்டாய் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் ஜாடிகளைக் கழுவி, ஒன்றில் கால்சியம், ஒன்றில் சோடா நிரப்பினேன். காலை ஆறு, மாலை ஆறு என்று நேரம் வைத்தேன். பம்பு உர்ர்ரென்று கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. பிளக்கைப் பிடுங்கி, அரைமணி கழித்து மாட்டிக் காட்டினேன். நேரம் மாறவில்லை.

"பாத்தியா? இது மறக்கவே மறக்காதுட்டி."

ஆஸ்லின் அதை ஒரு விரலால் தடவினாள். "குடுத்து வச்சது" என்றாள்.

நான் அதற்கும் சிரித்தேன்.

தண்ணீர் தெளிந்தது. கடல் தாமரை மறுபடி விரிந்தது. பாசி முன்னைவிட வேகமாகப் படர்ந்து, கல்லெல்லாம் ரோஸ் நிறமாயிற்று. வீட்டில் சண்டை இல்லை. அடுத்த பத்து மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. "தூத்துக்குடி உப்பளமே நம்ம வீட்டுக் குழம்புலதான் இருக்கு" என்று கிண்டல் செய்தேன். வகுப்பில் வருகைப் பதிவுக்கு இரண்டு முறை பெயர் கூப்பிட்டதாக அவளே ஒருநாள் சொன்னாள். "பிள்ளைக ரெண்டு தடவ 'உள்ளேன்' சொல்லட்டும், என்ன கெட்டுப்போச்சு" என்றேன். குழம்பிலும் பதிவேட்டிலும் யாரும் பென்சில் கோடு போடுவதில்லை. அவளுடைய மறதி கணக்காகத் தெரிந்த ஒரே இடம் அந்தத் தொட்டிதான். அந்த இடத்தை நானே நல்ல பம்பாகப் பார்த்து வாங்கி அடைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் போய்ச் சேரவில்லை. பதினொரு மணிக்கு மில்லுக்குப் போன் வந்தது. கோவில்பட்டிக்கு வெளியே இடைசெவல் பஸ் நிறுத்தத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவளிடம் படித்த ஒரு பெண் பார்த்து, "டீச்சர், இங்கன என்ன செய்யுதீங்க?" என்று கேட்டதற்கு, "கடலுக்குப் போற பஸ்ஸுக்கு நிக்கேன்" என்றாளாம். நான் மோட்டார் பைக்கில் போய் இறங்கியதும் என்னைப் பார்த்து அவள் பயந்தாள். ஏசப்போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி டாக்டர் பேனாவால் காட்டினார். மூளையில் கட்டி. மெதுவாக வளர்ந்தது, ஒரு வருஷத்துக்கு மேலேயே இருக்கும் என்றார்.

"மறதி முதல்ல எப்ப ஆரம்பிச்சது? சரியா ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எனக்கு அதைவிடச் சரியாக எந்தத் தேதியும் ஞாபகம் இல்லை. பம்பின் கியாரண்டி அட்டை என் பர்ஸிலேயே இருந்தது. அதில் பம்பு வந்த தேதியை, ஜூன் பதினொன்று என்று, நீல மையில் நானே எழுதி வைத்திருந்தேன். சாமுவேல்ராஜ் என் பக்கத்தில் நின்றார், தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்" என்றேன்.

டாக்டர் தலையாட்டினார். "இது சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம். உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, வருத்தப்படாதீங்க" என்றார். அந்த ஆறுதலை நான் களவாண்டேன். இன்றுவரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாமுவேல்ராஜிடம்கூடச் சொன்னதில்லை.

எடுக்க முடிந்த அளவு எடுத்தார்கள். மிச்சம் உள்ளே இருக்கிறது. தலைமுடி வெள்ளையாக முளைத்து வந்தது. நான் மில்லில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தேன். ஒவ்வொன்றாக அவளைவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் போனது, தெரு போனது, அண்ணன் பெயர் போனது. தொட்டி மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும் நேராக அதன் முன்னால் போய் நின்று, எதையோ தேடுகிறவள் போலக் கையை நீட்டுவாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. பழைய அளவுக் குவளையைத் தேடி எடுத்து, நல்ல தண்ணீர் பிடித்துக் கையில் கொடுத்தேன். நாலு லிட்டர் வற்றுகிற தொட்டிக்கு அவள் எத்தனை குவளை ஊற்றினாலும் மோசமில்லை. நாற்பது மில்லிக் கோடு வரை கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, டீச்சர் பார்க்கிற மாதிரியே பார்த்து, ஓரமாக ஊற்றுவாள். ஐந்து நிமிஷம் கழித்து, "காலைல ஊத்தியாச்சா?" என்று கேட்பாள். "இன்னும் ஊத்தலியே" என்பேன். மறுபடி ஊற்றுவாள். பாட்டிலில் கோடு போட்டவன், இப்போது இருபது தடவை, முப்பது தடவை குவளையை நிரப்பிக் கொடுத்தேன். கால்சியத்தையும் சோடாவையும் அந்தப் பம்பு அது பாட்டுக்கு விட்டுக்கொண்டிருந்தது.

நேற்று காலை குவளையை வாங்கியவள் ஊற்றாமல் நின்றாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி" என்றாள். கடைக்காரரைக் கூப்பிடுவது போல மரியாதையாக.

"என்னம்மா?" என்றேன்.

"நான் இதுக்கு ஊத்திட்டேனா?"

"இல்லம்மா. ஊத்துங்க."

அவள் ஊற்றவில்லை. என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்த வீட்டுல ஒருத்தர் இருக்காரு. ரெண்டு தடவ ஊத்துனா ஏசுவாரு. கையை ஒடிச்சிருவேம்பாரு."

பதிமூன்று வருஷம் என்னோடு வாழ்ந்தவள். என் முகம் அவளுக்கு மறந்துவிட்டது, பெயர் மறந்துவிட்டது. நான் ஏசியது மறக்கவில்லை.

"அவரு இப்ப இங்க இல்லம்மா" என்றேன். "போயிட்டாரு. நீங்க ஊத்துங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் இன்னொரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, கோட்டைச் சரிபார்த்து, ஓரமாக ஊற்றினாள். காலிக் குவளையை என்னிடம் நீட்டினாள். நான் நிரப்பிக் கொடுத்தேன்.