நாலாவது கோடு

பந்தய மைதானத்தில் அவனுக்கு டாக்டர் என்றுதான் பெயர். ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து நோய் சொல்லிவிடுவான். கோபம் மட்டும் மூக்குக்கு மேல். அன்று காலையிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு மணிக்குத் தங்கச்சி ஓட்ட வேண்டும், அவளுடைய முதல் பந்தயம். காரோ இருமிக்கொண்டிருந்தது.

சும்மா ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. நைட்ரஸ் பொத்தானை அழுத்தி, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாட்டிலிலிருந்து கேஸ் இன்ஜினுக்குள் பாய்ந்ததும்தான் வம்பு. வேகம் எகிறுவதற்குப் பதிலாக வண்டி தடதடவென்று உதறியது. நேற்று ஒத்திகையில் பட்டென்று வெடித்து, பானெட் இடுக்கில் தீ எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பாட்டிலின் அழுத்தத்தை அளந்தான். பெட்ரோல் பம்பை மாற்றினான், காயிலை மாற்றினான், ஒயரை மாற்றினான். விட்டால் தங்கச்சியையே மாற்றியிருப்பான்.

"பிளக் பாத்தியாண்ணா?"

"கோடு இருக்குல்ல? கண்ணு தெரியலயா?"

அது அவர்கள் ஷெட்டின் சட்டம். சரிபார்த்த பாகத்தின் பக்கத்தில் டாக்டர் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பான். கோடு விழுந்ததை யாரும் மறுபடி தொடக் கூடாது. சட்டம் போட்டவனும் தொடமாட்டான், வினையே அதுதான்.

இரண்டு மணிக்கு இன்னொரு ஒத்திகை ஓட்டினாள். கேஸ் ஏறியதும் அதே இருமல். உடனே இன்ஜினை அணைத்து, வண்டியை ஷெட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே ஸ்பேனரை எடுத்தாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல!"

அவள் காதில் வாங்கவில்லை. மூன்று பிளக்குகள் காய்ந்திருந்தன. நாலாவது பெட்ரோலில் நனைந்து வந்தது. பொறி பறக்கும் இடைவெளியில் அளவு பார்க்கும் கேஜ் தகட்டை நுழைத்தாள். மூன்றில் சிக்கென்று நின்ற தகடு, நாலாவதில் லொடலொடத்தது. கேஸ் ஏறும் இன்ஜினில் அந்த இடைவெளியைக் குறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் பொறி அணைந்துவிடும். நாலாவது பிளக் கடையில் வாங்கிய அகலத்திலேயே இருந்தது.

டாக்டருக்கு முகம் வெளுத்தது. பிளக்குகளைச் சரிபார்த்த அன்று, மூன்றாவதை முடித்த நேரத்தில்தான் அவள் பந்தயப் பட்டியலோடு ஓடிவந்தாள், "அண்ணா, என் பேரு வந்துடுச்சு!" என்று. எழுந்து ஓடி அவளைத் தூக்கிச் சுற்றினான். திரும்பி வந்து, சந்தோஷத்தில் நாலு கோட்டையும் இழுத்துவிட்டான்.

"என் தப்புதான் பாப்பா," என்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "நேத்து வெடிச்சதே, அப்பறமும் ஏன் பொத்தானை அழுத்துனே?"

"நீ கோடு போட்டிருந்தியேண்ணா."

அவன் இடைவெளியைக் குறுக்கிக் கொடுத்தான், அவள் மாட்டினாள். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது வண்டி இருமாமல் சீறியது. மணி மூன்று நாற்பது. அவள் எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது. இரண்டாவது அழைப்புக்குள் புறப்படும் கோட்டில் நிற்காதவர்கள் பட்டியலிலிருந்து போய்விடுவார்கள்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். டாக்டர் முன்சக்கரத்தருகே குந்தினான். பிரேக் போல்ட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கோடு இருந்தது.

"இதுவும் அன்னைக்குப் போட்டதுதான். முறுக்கிப் பாத்துட்டுப் போட்டேனா, சும்மா போட்டேனா, ஞாபகம் இல்ல பாப்பா."

"நல்லாத்தானேண்ணா பிடிக்குது?"

"கேஸ் இல்லாதப்ப பிளக்கும்தான் நல்லா ஓடுச்சு."

அவள் மைதானத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவன், சட்டை நுனியால் அந்தக் கோட்டை அழித்துக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி இரண்டாவது முறை கூப்பிட்டது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்தாள்.

"ஜாக்கை எடுண்ணா," என்றாள்.