நான்கு நிமிடங்களும் ஒரு சாப்பாட்டு டப்பாவும்

லிஃப்ட்காரர் இறந்துபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. நான்கே நிமிடங்களுக்குத்தான் என்றாலும் இறந்தது இறந்ததுதான். மருத்துவமனைக் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தவர், இடது தோளில் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருக்கிறதே என்று தானே வண்டி பிடித்து, வழியில் மனைவிக்கும் போன் பண்ணிவிட்டு மருத்துவமனைக்கு வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காம் எண் கட்டிலில் படுக்கவைத்தார்கள். "ஒண்ணுமில்ல டாக்டர், வாயுப் பிடிப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது.

வலி சட்டென்று விட்டது. உடம்பு பாரமில்லாமல் மேலே கிளம்பியது. கயிறு அறுந்தால் எதுவும் கீழேதான் போகும் என்பது அவருடைய இருபத்தாறு வருட அனுபவம். இவர் மேலே போனார். கூரைக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றார். கீழே கட்டிலில் தன்னுடைய உடம்பு கிடந்தது. உச்சந்தலையில் அவ்வளவு பெரிய வழுக்கை இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இளம் டாக்டர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க அவர் மார்பை அமுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ட்யூப் லைட் அணைந்து அணைந்து எரிந்தது. ஸ்டார்ட்டர் போயிருக்கிறது, இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். கூரையைத் தொட்டுவிடும் உயரத்தில் நின்ற மருந்து அலமாரியின் உச்சியில், நீல மூடி போட்ட சாப்பாட்டு டப்பா ஒன்றும், அதன்மேல் ரப்பர் பேண்டால் கட்டிய கரண்டியும் இருந்தன. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எதன்மேலும் கவலை இல்லை. பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்தாற்போல் இருந்தது. நெஞ்சில் இடி விழுந்தது. "வந்துட்டார், வந்துட்டார்!" என்று யாரோ கத்தினார்கள்.

மறுநாள் கண் விழித்ததும் மனைவியிடம் சொன்னார். மனைவி தன் தம்பியிடம் சொன்னாள். அத்தோடு உலகத்துக்கே சொன்ன மாதிரி ஆயிற்று.

தம்பிக்கு மைக்செட் வாடகைக்கு விடும் தொழில். ஊரில் யார் கூட்டம் போட்டாலும் ஒலிபெருக்கி அவனுடையதுதான். கிழக்குத் தெருப் பிரார்த்தனை மண்டபத்துக்கும் அவன்தான், மேற்குத் தெரு மண்டபத்துக்கும் அவன்தான், கடவுளே கிடையாது என்று மாதம் ஒருமுறை முழங்கும் பகுத்தறிவுச் சங்கத்துக்கும் அவன்தான். எல்லாப் பேச்சையும் கேட்டுக் கேட்டு, எதையும் நம்பாமலும் மறுக்காமலும் இருக்கும் பக்குவம் வந்துவிட்டது.

"மாமா, இது சாதாரண விஷயம் இல்ல" என்றான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. "அவனவன் அம்பது வருஷமா மேடையில கத்தறான், ஒருத்தனும் போய்ப் பார்த்ததில்ல. நீங்க போயிட்டு வந்துட்டீங்க."

"நான் எங்க போனேன்? கூரை வரைக்கும்தான் போனேன்."

"அது போதும். மீதியை அவங்க பார்த்துக்குவாங்க."

அவன் மேடை ஏற்பாடு செய்வதற்கு முன்பாகவே ஆராய்ச்சி டாக்டர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். செத்துப் பிழைத்தவர்கள் உடம்பை விட்டு வெளியே போய்ப் பார்ப்பது நிஜமா பிரமையா என்று கண்டுபிடிக்க, அந்தப் பிரிவிலிருந்த அலமாரிகளின் உச்சியில் எல்லாம் வேறொருவரைக் கொண்டு படம் போட்ட அட்டைகளை வைத்திருந்தார். தரையில் நிற்பவருக்குப் படம் தெரியாது. கூரையிலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும். என்ன படம் என்பது முத்திரையிட்ட உறையில் இருக்கும், அவருக்கே தெரியாது. பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார். நெஞ்சு நின்றவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒருவர் மாமியாரைப் பார்த்தேன் என்றார். விசாரித்ததில் மாமியார் அப்போது உயிரோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மேல இருந்து பார்த்தீங்கன்னு சொன்னீங்களாமே" என்றார் டாக்டர். "அந்த அலமாரி மேல என்ன இருந்துச்சு? அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? சாப்பாட்டு டப்பா. நீல மூடி."

டாக்டரின் முகம் மின்சாரம் போன மாதிரி ஆயிற்று. "வேற ஏதாவது? படம், கிடம்?"

"கரண்டி ஒண்ணு இருந்துச்சு."

டாக்டர் உறையைப் பிரித்தார். ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து அட்டையை எடுத்து வந்து காட்டினார். குடை பிடித்த மஞ்சள் கிளி. டப்பாவும் இல்லை, கரண்டியும் இல்லை. கிளியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக எண்ணெய்க்கறை மட்டும் இருந்தது.

"இங்க ஒருத்தரும் சுத்தமா தொடைக்கறதில்ல" என்று சலித்துக்கொண்டே கைக்குட்டையை நனைத்து அந்த வட்டத்தை அழுந்தத் துடைத்தார். அட்டையைப் பளபளவென்று மறுபடியும் மேலே வைத்துவிட்டு, படிவத்தில் 'தவறு' என்று எழுதிக்கொண்டு தளர்ந்த நடையில் போனார்.

அவர் தலை மறைந்ததும் நர்ஸ் ஓடி வந்தாள். நாற்பது வயதிருக்கும்; அந்தப் பிரிவிலேயே பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவள்.

"அண்ணா, அந்த டப்பா எப்படி உங்களுக்குத் தெரிஞ்சது?"

"பார்த்தேன்மா."

"நிஜமாவேவா?" அவள் கையில் இருந்த ரோமமெல்லாம் எழுந்து நின்றது. கைப்பையைத் திறந்து காட்டினாள். அதே நீல மூடி, அதே கரண்டி, அதே ரப்பர் பேண்ட். "ஓய்வறையில வெச்சா யாராவது பாதியைத் தின்னுடறாங்க. வார்டுக்குள்ள சாப்பாடு கொண்டு வரவும் கூடாது. அதான் அங்க ஒளிச்சு வெப்பேன். என் கூட வேலை பார்க்கறவங்களுக்கே தெரியாது. அன்னிக்கும் அந்தக் கிளிமேலதான் வெச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா. ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியிருக்கேன்."

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். மனிதனுக்கு உடம்பைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்பதற்கு உலகத்தில் இரண்டே இரண்டு பேரிடம் ஆதாரம் இருந்தது. அது ஒரு சாப்பாட்டு டப்பா.

"சொல்லலைம்மா" என்றார். "நீ போய்ச் சாப்பிடு."

வீடு திரும்பிய மூன்றாவது வாரம் மைத்துனன் அவரைக் கிழக்கு மண்டபத்துக்கு அழைத்துப் போனான். கிழக்கு மண்டபமும் மேற்கு மண்டபமும் ஒரு காலத்தில் ஒரே மண்டபமாக இருந்தவை. இறந்த பின் ஆன்மா காணும் ஒளி வெண்மையா பொன்னிறமா என்ற கேள்வியில் ஒன்பது வருடத்துக்கு முன் பிரிந்தார்கள். அண்ணன் வெள்ளையிலும் தம்பி பொன்னிலுமாக, சம்பந்திகள் முகம் பார்க்காமல், நாற்காலிகளைக்கூட எண்ணிப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டு போனவர்கள்.

கிழக்கு மண்டபத் தலைவர் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார். "ஒளியைக் கண்டீர்களா?"

"கண்டேங்க. ட்யூப் லைட்."

கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் தடுமாறவில்லை, முப்பது வருடம் பேசிப் பழகியவர். "ட்யூப் லைட் என்ன நிறம்?"

"வெள்ளைதாங்க."

மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் விம்மி அழுதார். "ஆனா அது சரியா எரியலீங்க, ஸ்டார்ட்டர்..." என்று லிஃப்ட்காரர் தொடங்கியது ஒலிபெருக்கியில் கேட்கவில்லை. மைத்துனன் சமயம் பார்த்து வால்யூமைக் குறைத்திருந்தான்.

விட்டுப்போனதை மேற்கு மண்டபத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மறுவாரம் அங்கே கூட்டம். "ஸ்டார்ட்டர் போன ட்யூப் லைட்டின் இரு முனைகளிலும் தெரியும் நிறம் என்ன?" என்று அவர்களுடைய தலைவர் கேட்டார்.

லிஃப்ட்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "கொஞ்சம் ஆரஞ்சா இருக்கும்."

"பொன்!" என்றார் தலைவர். இங்கே அழுதவர்கள் எண்ணிக்கை அதிகம்.

இதன் முடிவில் இரண்டு மண்டபத்துக்காரர்களும் ஒரே நாளில் மருத்துவமனைக்குப் போய் அந்த ட்யூப் லைட்டைக் கேட்டார்கள். அது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் சாமான் அறைக்காரர் யார் மனத்தையும் புண்படுத்த விரும்பாதவர். மூலையில் குவிந்து கிடந்த பழைய ட்யூப் லைட்டுகளிலிருந்து இவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். இரண்டு மண்டபங்களிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆளுக்கொன்று இருக்கின்றன. இரண்டும் எரிவதில்லை.

பகுத்தறிவுச் சங்கம் நூலக மாடியில் கூடியது. செயலாளர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். ஆராய்ச்சி டாக்டரின் படிவத்தை எப்படியோ நகலெடுத்து வைத்திருந்தார்.

"மூளைக்கு ஆக்சிஜன் குறைஞ்சா இல்லாததெல்லாம் தெரியும். இதோ அறிவியலே சொல்லிடுச்சு" என்று படிவத்தை உயர்த்திக் காட்டினார். "ஐயா பார்த்தது டப்பா! அங்க இருந்தது கிளி! ஆன்மான்னு ஒண்ணு இல்லவே இல்லைங்கறதுக்கு ஐயாவே வாழும் சாட்சி."

கைத்தட்டல் ஓயவில்லை. வாழும் சாட்சி மேடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டத்தின் நிலைமையே மாறிவிடும். அந்த நர்ஸ் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள் என்று அவளே சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டார். தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய உண்மையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, செயலாளர் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டார். அதில் 'சாட்ச்சி' என்று ஒற்று மிகுந்திருந்தது.

அடுத்த மாதம் நர்ஸே தொலைபேசியில் கூப்பிட்டாள். மேற்பார்வை நர்ஸ் ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாவது மெமோ. கண் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

"இனிமே மறைக்க என்ன இருக்கு அண்ணா? பாவம், அந்த டாக்டர் ஆராய்ச்சியையே மூடப்போறாராம். வாங்க, ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்."

போனார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து மூடினார். எழுந்து ஜன்னல் வரை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம். இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

படிவத்தைக் காட்டினார். இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: அட்டைப் படத்தைக் கண்டார், அட்டைப் படத்தைக் காணவில்லை.

"சார், அவர் கண்டது நான் வெச்ச டப்பாவை" என்றாள் நர்ஸ். "அது யாருக்குமே தெரியாது."

"உங்களுக்குத் தெரியும் இல்ல? நீங்க அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"செத்துக் கிடந்தவர்கிட்டயா?"

"முன்னாடியோ பின்னாடியோ. நான் சொல்லலம்மா, மத்த விஞ்ஞானிங்க சொல்வாங்க. ஏதாவது தடயம் இருந்தாலாவது பரவாயில்ல."

"அட்டையில எண்ணெய் வட்டம் இருக்குமே சார்! கொழம்பு ஒழுகுற டப்பா இது."

டாக்டர் வெளியே தெரிந்த கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார். லிஃப்ட்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அதைத் தொடைச்சாச்சு" என்றார் டாக்டர் கடைசியில். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "இன்னொண்ணு. நெஜமாவே ஆன்மான்னு ஒண்ணு இருந்தா, அது டப்பாவை ஊடுருவிக் கீழ இருக்கற கிளியைப் பார்த்திருக்கணுமா வேண்டாமா?"

"எனக்குப் பக்கத்துல இருக்கறதைப் படிக்கவே கண்ணாடி வேணும் டாக்டர்" என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். அவருடைய கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. ஆராய்ச்சியை மூடப்போவதில்லை என்றார். முறையில்தான் கோளாறு. யாரும் எதையும் வைக்க முடியாதபடி, உச்சி சரிவாக இருக்கும் புதிய அலமாரிகள் செய்யச் சொல்லப்போவதாகவும், அட்டையைப் பசை போட்டு ஒட்டிவிடப்போவதாகவும் உற்சாகமாக விளக்கினார். இன்னும் பதினோரு வருடம் பிடிக்கலாம். வாசல் வரை வந்து இருவருக்கும் கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கண் பிரிவுல ஃப்ரிட்ஜ் இருக்கு அண்ணா. யாரும் தொடறதில்ல" என்றாள்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மண்டபம், இத்தனை மேடை, இத்தனை கேள்வி. அவள் மட்டும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அவர் செருப்பைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"என்னங்க, மேல போனீங்களே, அப்ப என்னை நெனச்சீங்களா?"

அவர் அப்படியே நின்றார். பரலோகத்தின் நிறத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னவருக்கு இப்போது யோசிக்க வேண்டியிருந்தது. எதிரில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கோணலாக வந்தது.

"இல்ல" என்றார். "யாரையும் நெனைக்கல. உன்னையும் நெனைக்கல. அது எனக்கே கஷ்டமா இருக்கு."

அவள் உறையை வாங்கி உதறி மறுபடி மடித்தாள். நான்கு மடிப்புக்குப் பிறகுதான் பேசினாள்.

"வெளிய பெஞ்சுல என்கிட்ட வந்து சொன்னாங்க, நெஞ்சு நின்னுடுச்சு, பார்த்துக்கிட்டிருக்கோம்னு. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அடுப்புல பாலை வெச்சுட்டு அப்படியே ஓடி வந்துட்டோமேன்னு. நாலு நிமிஷமும் அந்தப் பாலைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல."

லிஃப்ட்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பொங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"பாத்திரமே கருகிப்போச்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவள் பயந்துபோய் அவர் கையை விலக்கித் தன் கையை அங்கே வைத்துப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.