நெற்றிப் பைப்பில் போட்ட ஓட்டை

குட்டியானை வேனிலிருந்து வண்டியை இறக்கி முடிப்பதற்குள் குருமூர்த்தி ஆரம்பித்துவிட்டார்.

"பாத்துக்க உன் கைவரிசைய. எம் பொண்ணு கையும் இதுவும் ஒண்ணா நசுங்கிக் கெடக்கு."

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று பெரம்பலூர் – அரியலூர் ரோட்டில் டிப்பர் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்குப் பாடி கட்டுவது என் தொழில். பதினெட்டு வருஷமாகக் கட்டுகிறேன். வீரமணி அடித்த வெல்டிங் விட்டுப்போச்சு என்று ஒருத்தன் இந்தக் கடை வாசலில் வந்து நின்றதில்லை. இவர்தான் முதல் ஆள்.

வந்திருப்பது டிப்பர் அல்ல, பக்கி வண்டி. நாலு சக்கரம், ஒரு இன்ஜின், ரெண்டு சீட்டு, சுற்றிலும் பைப். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. காடு மேடு சேறு எதிலும் ஓட்டலாம். கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற அந்தப் பைப் கூண்டை விட்டால் வேறொன்றும் இல்லை. போன வருஷம் குருமூர்த்தியின் மகள் இலக்கியா வரைபடத்தோடு வந்து, "அண்ணே, நீங்கதான் கட்டித் தரணும், வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்றாள். இன்ஜினியரிங் படித்த பெண், சேற்றுப் பந்தயத்தில் ஓட்டுகிறவள். அவள் கேட்டபடியே கட்டிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய முந்திரிக்காட்டில், வரப்பேறிக் குதித்த வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்தது. கூண்டின் முன்பக்கம் மேலே குறுக்காக ஓடும் பைப்பை நாங்கள் நெற்றிப் பைப் என்போம். அது நடுவில் மடிந்து உள்ளே இறங்கி, ஓட்டிக்கொண்டிருந்தவளின் இடது கையை நசுக்கிவிட்டது. இப்போது தோளிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு, கழுத்தில் தூளி. அப்பாவுக்குப் பின்னால் நின்று வண்டியைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை.

"முந்திரிக்கொட்டை பொறுக்குன கலியம்மா மவன்ட்ட கூண்டு கட்டக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார் குருமூர்த்தி.

எங்கம்மா அவர் காட்டில் கொட்டை பொறுக்கியவள்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் அந்த ஆள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! நாலு லாரி டிரைவர்கள் டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கம்மா பொறுக்குனதாலதான் ஒங்க வூட்டுல மூட்டை நெறஞ்சுது. அவங்க பேர எடுக்காதீங்க, சொல்லிட்டேன். என் வெல்டிங் விட்டிருந்தா இந்த ஷட்டர இன்னைக்கே இறக்கிட்டு சாவிய ஒங்க கையில குடுத்துடுறேன். விடலன்னா, எங்கம்மாவச் சொன்ன வாயால இதே எடத்துல நின்னு மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?"

"சம்மதம்டா. தொறந்து காட்டு."

தண்ணீர் மோட்டாரைப் போட்டு அடித்தேன். செம்மண் கரைந்து ஓடியது. கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டாகத் தேய்த்து, டார்ச் அடித்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அடிச்சட்டம் ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. கூண்டின் பின்வளையம் சாய்ந்திருந்தது. ஆனால் வெல்டிங் ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. "இங்க விட்டிருக்கா? இங்க? கண்ணு தெரியுதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே போனேன். மனிதர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியாக நெற்றிப் பைப். மடிந்த இடத்தில் வெல்டிங்கே கிடையாது. அங்கே ஒரு ஓட்டை இருந்தது. சுண்டு விரல் நுனி போகிற அளவு, மேலிருந்து கீழ் வரை ஊடுருவிய ஓட்டை. பைப் அதிலிருந்துதான் கிழிந்து மடிந்திருக்கிறது.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கை நசுங்கிய பெண் பக்கத்தில் நிற்கிறாள், நான் பல்லைக் காட்டுகிறேன்.

"ஏம்மா, படிச்ச புள்ளதான நீ? வீடியோ எடுக்க கேமரா மாட்டணும்னு ஓட்டை போட்டியா?"

"நான் போடல. என் கேமராவுக்கு கிளாம்ப் இருக்கு. ஓட்டை தேவையில்ல."

"அப்ப பேய் வந்து போட்டுச்சா? கூண்டுல ஓட்டை போடறதும் ஏணிய பாதி அறுத்து வைக்கறதும் ஒண்ணு. இதப் போட்டவன் கைய வெட்டணும்! யாரா இருந்தாலும் சரி, வெட்டணும்!"

டிரைவர்கள் தலையாட்டினார்கள். குருமூர்த்தி மகள் பக்கம் திரும்பினார். "நீதானா?" என்றார்.

"இல்லப்பா."

"கையும் போச்சு, வாயில பொய் வேறயா? உன்னால நான் இவன்ட்ட தலை குனியணுமா?"

அவள் தூளியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து என் பெண்டாட்டி புவனேஸ்வரி ஆபீஸ் ரூமிலிருந்து கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாங்க."

"இருடீ, முக்கியமான எடத்துல இருக்கேன்."

"வாங்கன்னேன்."

போனேன். கதவைச் சாத்திவிட்டுப் போனை நீட்டினாள். கடையிலிருந்து வண்டி வெளியே போகும் நாளில் பூஜையை வீடியோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பது அவள் வழக்கம். இந்தப் பக்கிக்கும் எடுத்திருந்தாள். தேங்காய், கற்பூரம், பட்டையாகச் சந்தனம் குங்குமம் எல்லாம் இருந்தது. நடுவில் நான். கையில் டிரில்லிங் மிஷின். நெற்றிப் பைப்பின் மையத்தில் வைத்து அழுத்துகிறேன். துளையில் கறுப்புக் கயிற்றைக் கோர்த்து, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டு, "கண்ணு படக்கூடாதுல்ல!" என்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

டிப்பருக்கெல்லாம் அப்படித்தான். முன்பக்க இரும்புச் சட்டமான சேனலில் ஓர் ஓட்டை போட்டுத் திருஷ்டிக் கயிறு கட்டாமல் ஒரு வண்டியும் இந்தக் கடையைத் தாண்டியதில்லை. அரை விரல் கனம் இருக்கும் சேனலுக்கு அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய்ப் போட்டிருக்கிறது. போட்ட ஞாபகம்கூட எனக்கு இல்லை; கயிறும் எப்போதோ அறுந்து விழுந்திருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையாலும் கெட்டேன், வாயாலும் கெட்டேன்.

"அழிச்சிடவா?" என்று புவனேஸ்வரி கேட்டாள்.

எனக்காகத்தான் கேட்டாள். பொய் சொல்ல மாட்டேன், "அழி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கம்மா பேரைச் சொன்ன அந்த ஆள் இன்னும் ரெண்டு நிமிஷத்தில் மன்னிப்புக் கேட்கப் போகிறார். எங்கம்மா அந்தக் காட்டில் குனிந்த காலத்திலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. வெல்டிங் விடவில்லை, சொன்ன சொல்படி பார்த்தால் ஜெயித்தவன் நான்தான். ஓட்டையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

வெளியே குருமூர்த்தியின் சத்தம் கேட்டது. "ஒத்துக்கயேன்! போட்டேன்னு சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவ?"

நான் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அவளத் திட்டாதீங்க. இதப் பாருங்க."

குருமூர்த்தி ரெண்டு தடவை பார்த்தார். இலக்கியா ஒரு தடவை பார்த்தாள், பிறகு திரும்பிக்கொண்டாள். டிரைவர்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். நான் இடுப்பிலிருந்து ஷட்டர் சாவியை எடுத்து நீட்டினேன்.

"வெல்டிங் விடல. ஆனா வெட்ட வேண்டிய கை என்னோடதுதான்."

"சாவிய வச்சு நான் நாக்கு வழிக்கவா?" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் அதிகமாகக் குத்தியது. "கைய வெட்டிட்டா எவன் கட்டறது? மறுபடி நீயே கட்டு. கட்டி முடிச்சதும் அதே வரப்புல எம் பொண்ணு ஓட்டுவா. பக்கத்து சீட்டுல நீ உக்காரணும். கவுந்தா ரெண்டு பேரும் கவுறுங்க. எங்கிட்டேருந்து மன்னிப்பு கின்னிப்புன்னு எதிர்பாக்காத."

"நான் இப்ப கேக்கல."

"கேக்கற மூஞ்சியா இது?"

ஆறு வாரம் வேலை. டிப்பர் ஆர்டர் இரண்டைத் திருப்பி அனுப்பினேன். அடிச்சட்டத்துக்கு மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு இஞ்ச் கோணல். முன்பாதியை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். திருச்சிக்குப் போய்த் நீளவாக்கில் ஒட்டுத் தையல் இல்லாத பைப்பாகப் பார்த்து வாங்கி வந்தேன். சலித்துக் காயவைத்த மணலை அதற்குள் கெட்டியாக இடித்து நிரப்பி, வளைவு நசுங்காமல் வளைத்தேன். ஒரு வளைவு மனசுக்கு ஒப்பவில்லை, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வளைத்தேன். நெற்றிப் பைப்புக்குப் பின்னால் இன்னொரு குறுக்குப் பைப், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு. வேலைக்காரர்கள் யாரையும் டிரில்லிங் மிஷினோடு கூண்டு பக்கம் அண்டவிடவில்லை. கிட்டே வந்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியது அவர்களை அல்ல என்று அவர்களுக்கும் தெரியும்.

கிழிந்த பழைய பைப்பைக் காயலான் கடைக்குப் போடவில்லை. டிரில்லிங் மிஷின் தொங்கும் ஆணிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஜெயங்கொண்டத்துக்கு ஏற்றிப் போனோம். முந்திரிக்காட்டில் குருமூர்த்தி காத்திருந்தார். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெற்றிப் பைப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவிக்கொண்டே போனார், அடியிலும் தடவினார். பூஜை போடவில்லை, பழமும் கட்டவில்லை. "ஏறு" என்றார்.

இலக்கியா வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கட்டு இல்லை, தூளி இல்லை. நான் இடது பக்கம் உட்கார்ந்து என் பெல்ட்டை மாட்டினேன். அவள் மாட்டவில்லை.

"பெல்ட் போடும்மா."

"நீங்க மாட்டி வுடுங்க."

"கைதான் சரியாயிடுச்சே."

"சரியாகல." இடது கையை உயர்த்திக் காட்டினாள். முழங்கை மட்டம் வரை வந்து நின்றது. "இதுக்கு மேல தூக்க வராது. ஸ்டியரிங் புடிக்க வரும். இனிமே இவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவுக்கு இன்னும் சொல்லல."

திரும்பி, அவள் இடது தோளுக்கு மேலே தொங்கிய பட்டையை என் வலது கையால் இழுத்தேன். கொக்கி மாட்டவில்லை. மறுபடி முயன்றேன், விரல் நழுவியது. மூன்றாவது தடவைதான் பொருந்தியது. வரப்போரத்திலிருந்து குருமூர்த்தி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இறுக்கிப் போடுங்க" என்றாள்.

இறுக்கினேன். இன்ஜின் உறுமியது, வண்டி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. என்னை நம்பி இதே வண்டியில் அவள் தனியாக உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள். எதிரே வரப்பு பெரிதாகிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிரும்மா" என்று கத்தினேன். "இலக்கியா, என்னை மன்னிச்சிரும்மா!"

அவள் திரும்பவில்லை.

"வரப்பு வருது," என்றாள். "புடிச்சுக்குங்க."