லூர்தம்மாவின் நீலப்பூ

மனைவி உயிரோடு இருந்தபோது கேட்ட கேள்விக்கு, அவள் செத்த பிறகு பதில் தேடி அலைந்தவன் பீற்றர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டெனிஷ் நகரமான ஸ்கீவவுக்கு வெளியே ஒரு மணல்மேட்டில் கோடைதோறும் குட்டி நீலப்பூ ஒன்று பூக்கும். லூர்தம்மா அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். என்ன பூ என்று வேலையிடத்தில் கேட்டுச் சொல்லும்படி ஏழு வருடம் கேட்டாள். ஏழு வருடமும் அவன் "ஓம், கேக்கிறன்" என்றான்.

அவள் போனபின் அந்தப் படத்தை அவன் காட்டாத ஆள் இல்லை. கடைசியில் கூட வேலை செய்யும் டெனிஷ்காரி ஒருத்திதான், நூல்நூலான இதழையும் மேலே இலையில்லாத தண்டையும் பார்த்து, 'புளோமுங்க' என்று தங்கள் மொழியில் அதன் பெயரைச் சொன்னாள். எருப் போட்ட மண் அதற்கு ஆகாதாம். முதல் வருடம் இலை மட்டும்தானாம், அடுத்த வருடம்தான் பூவாம். போன கோடையில் பீற்றர் அந்த மேட்டிலிருந்து விதை எடுத்துவந்து, கல்லறையில் மணல் கொட்டித் தூவினான். இந்த ஜூனில் பூக்க வேண்டும். அவள் கேட்டதில் ஒன்றையாவது கொடுத்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

மே மாதம் இரண்டாம் ஆண்டு நினைவுநாள். லூர்தம்மாவின் தமையன் லூக்காஸ் ஹோர்சன்ஸ் நகரிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, அவளை அடக்கிய சேமக்காலைக்கு வந்துவிட்டார். ஊர் முறைப்படி கல்லறையைப் புல்பூண்டு இல்லாமல் செருக்கி, வெள்ளை மணல் பரப்பி, மெழுகுதிரியும் ஏற்றிவிட்டார். பீற்றர் வந்தபோது சனம் அவரை மெச்சிக்கொண்டு நின்றது.

"தங்கச்சியைப் புல்லுப் பத்தைக்குள்ளை விட்டிட்டாய், மச்சான்," என்றார் லூக்காஸ், எல்லோர் காதிலும் விழ.

"அது பத்தையில்லை. அவளின்ரை பூக்கண்டு."

"ஒரு பூவையும் காணேல்லையே."

பீற்றருக்கு அந்த மனிதர் பாசத்தில் செய்ததுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது, வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. செருக்கியதை எங்கே கொட்டினார் என்று மட்டும் கேட்டான்.

மற்றவர்கள் செபம் தொடங்க, அவன் மூலையிலிருந்த குப்பைப் பெட்டிக்கு ஓடினான். வேரோடு கிடைத்தால் திரும்ப நடலாம். உள்ளே பல கல்லறைகளின் களை ஒன்றாய்க் குவிந்து கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். எல்லாம் பச்சை, எல்லாம் சின்ன இலை. எது கன்று, எது களை என்று தெரியாமல்தான் அவன் இத்தனை மாதமும் கல்லறையில் ஒன்றையும் பிடுங்காமல் விட்டிருந்தான். ஒரு வருடம் அலைந்து அவன் தெரிந்துகொண்டது பூவை மட்டுமே.

கையில் அள்ளியதைக் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு தானே அதைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான்.