ஆறாம் நம்பருக்கு என்ன வேண்டும்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்த நாள்முதலாகக் காத்துக்கிடந்த மாபெரும் கேள்விக்கு இன்று பிற்பகல், தேநீர் வருவதற்குள், விடை கிடைத்துவிடும்: இணையத்தில் ஓடுகிற படத்தையும் தொடரையும் டிவிக்குக் கொண்டுவருகிற புதிய பெட்டியில், அதை வாங்கப்போகிறவருக்கு என்னதான் வேண்டும்?... விஷன் அனுப்பிய மெயில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது, நெருப்பு மட்டும் அதைப் படித்த இவர் மனசுக்குள் சேர்த்துக்கொண்டது, அதையும் அந்த மனுஷன் சேர்த்திருப்பார், தோன்றியிருக்காது. விஷன் என்பது முதலாளிக்கு ஆபீஸ் வைத்த பெயர், வாயைத் திறந்தால் ‘என் விஷன் என்னன்னா’ என்றுதான் ஆரம்பிப்பார், கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டாலும் அப்படித்தான். இப்போது இவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார், கடிக்கிற சத்தத்தில்கூட ஒரு தொலைநோக்கு... இருட்டறை, நாலு நாற்காலி, எதிரே சுவர் முழுக்க ஒரு கண்ணாடி. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஜன்னல், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்வார்களாம், இந்தப் பக்கம் நாம் ஒளிந்திருந்து கேட்போமாம், ஒளிந்திருந்து என்று சொல்லக் கூடாது, ஆய்வு என்று சொல்ல வேண்டும். யாருடைய கம்பெனி என்று அவர்களிடம் சொல்வதில்லை, சொன்னால் மரியாதைக்குப் பொய் சொல்வார்களாம், சொல்லாவிட்டால் மட்டும் சத்தியம் கொட்டுமா? இவருடைய விசிட்டிங் கார்டில் பதவியின் பெயர் இரண்டு வரி, வாடிக்கையாளர் அனுபவம் என்று தொடங்கி எங்கெங்கோ போய் மேலாளர் என்று முடியும், அந்த மேலாளருக்கு முன்னால் ‘தலைமை’ என்ற ஒரு சொல் விழுமா விழாதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும், அதற்காகத்தான் இந்த இருட்டு, இந்த பிஸ்கட் சத்தம், எல்லாம்.

ஒரே ஒரு யோசனைதான், ஆனால் இவருடைய யோசனை. தொடரை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் பெட்டி நடுவில் நிறுத்தி, ‘நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று திரையில் கேட்கிறதே, அதைத் தூக்கிவிடுவது. பார்க்கிறவனைப் பார்க்கிறாயா என்று கேட்பதற்கு நீ யார், பெட்டி, பெட்டி மாதிரி இரு! தடையற்ற அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்து, படம் போட்டு, அம்புக்குறி போட்டு, விஷனுக்குக் காட்டி, அவர் அதைத் தன் விஷன் என்று நாலு இடத்தில் சொல்லி... போகட்டும், இன்றைக்கு அந்த எட்டுப் பேரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் பதவி இவருக்கு. ஆட்டுவார்கள். ஆட்டாமல் எங்கே போவார்கள், யாருக்குப் பிடிக்கும் அந்தக் கேள்வி? வந்துவிட்டார்கள், சட்டையில் நம்பர் ஒட்டியிருக்கிறது, ஒன்றாம் நம்பர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், ரிமோட் காணாமல் போனால் கூப்பிட்டதும் சத்தம் கொடுக்கிற மாதிரி ஒன்று வேண்டுமாம், “வீட்ல பாதி நேரம் சோபாவுக்குள்ள கைய விட்டுட்டே போயிடுது தம்பி” என்கிறார், கேள்வி கேட்கிற பெண்ணைப் பார்த்து எதற்குத் தம்பி, பழக்கதோஷம். மூன்றாம் நம்பர் பல் டாக்டர், வசனம் காதில் விழவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் பாட்டு வந்ததும் பக்கத்து வீடு எழுந்து உட்காருகிறதாம். கல்லூரிக்காரிக்கு ஒரு படத்தை நாலு இடத்தில் போய்த் தேடக் கூடாது, ஒரே இடத்தில் தேடினால் கிடைக்க வேண்டும். போட்டால் உடனே வர வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தானாக மாறக் கூடாது... இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு வருஷம் அத்தனை பேர் சேர்ந்து ‘உங்களை உங்களைவிட நன்றாக அறிந்த பெட்டி’ என்று எழுதிக் கிழித்தோம்? விஷன் நெளிகிறார். “இவங்களுக்கு என்ன வேணும்னு இவங்களுக்கே தெரியலைய்யா,” என்கிறார். தெரிகிறது சார், நமக்கு வேண்டியது அவர்களுக்கு வேண்டாம் என்று தெரிகிறது, அதுதான் சங்கடம், என்று சொல்லவில்லை, “ஆமா சார்” என்று சொன்னார் இவர். அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து, மன்னிச்சுக்கோங்க பஸ் லேட் என்று, ஆறாம் நம்பர் உள்ளே வந்தாள்.

கைப்பையைத்தான் முதலில் பார்த்தார். ஜிப் போய், ஊக்கு குத்திய கைப்பை, சரி பண்ணித் தருகிறேன் என்று இவர் எப்போதோ வாங்கி வைத்து, அப்புறம் அவளே எடுத்துப் போய் ஊக்குக் குத்திக்கொண்ட அதே கைப்பை. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற அதே தேடல். இவள் இங்கே என்ன பண்ணுகிறாள்? என் பெண்டாட்டி இங்கே என்ன பண்ணுகிறாள்?! சட்டம் தெளிவாக இருக்கிறது, இந்த வியாபாரத்தில் இருக்கிறவன் வீட்டு ஆட்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கூட்டம் செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து. யார் பிடித்து வந்தது? பின்னால் நிற்கிற ஆள்பிடிக்கும் ஏஜென்ட்டிடம் போய்க் காதோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஆறாம் நம்பர் வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று விசாரிச்சீங்களா இல்லையா என்று கேட்டால், அந்த மனுஷன் ரொம்ப நிதானமாக, “கேட்டேனே சார், வீட்டுக்காரர் என்ன பண்றார்னு. மீட்டிங் போறார்னாங்க. அது எந்தத் தொழில்ல வருதுன்னு தெரியல, ‘மற்றவை’ல போட்டேன்,” என்கிறான். மற்றவை! இத்தனை வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு மற்றவை! கம்பெனி மாறினேனே, சொல்லவில்லையா? சொன்னேனே... புது ஆபீஸ்ல என்னங்க வேலை என்று அவள் கேட்டாள், அது ஞாபகம் இருக்கிறது, தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள், அதே மீட்டிங்தான் என்று... சரி, அப்படித்தான் சொன்னேன், அதற்காக அதை அப்படியேவா ஒப்பிப்பது? வீட்டில் இருக்கிற பெட்டியும் போட்டிக் கம்பெனியுடையது, இந்தக் கம்பெனிப் பெட்டியை எவன் வீட்டில் வைப்பான். சொல்லிவிட வேண்டும், இப்பவே எழுந்து சொல்லிவிட வேண்டும், சார், அது என் மனைவி, தப்பு நடந்துபோச்சு. சொன்னால் கூட்டம் போச்சு, பதவி போச்சு, தப்பு ஏஜென்ட்டுடையது, கெட்ட பேர் எனக்கு. ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து எழுந்து போய்விடு தாயே, வீட்டில் அப்படித்தானே இருக்கிறாய், என்று வேண்டிக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால்... பேசுகிறாள். அப்படிப் பேசுகிறாள்!

ரிமோட்டில் இருக்கிற மைக் பட்டனைப் பற்றிப் பேசுகிறாள், கையை ஆட்டி ஆட்டி. “வாயால சொன்னா போதும்னு போட்டிருந்துச்சுங்க. சரி, வீட்ல சொல்பேச்சு கேக்கற ஒண்ணு வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். படத்தோட பேரச் சொன்னா, ‘மீண்டும் சொல்லவும்’ங்குது. மறுபடி சொன்னா, மறுபடி ‘மீண்டும் சொல்லவும்’. அதுக்கு எங்க வீட்டுக்காரரே தேவலைங்க, அவர் மீண்டும் சொல்லவும்னுகூட சொல்ல மாட்டார்.” அந்தப் பக்கம் எல்லாரும் சிரிக்கிறார்கள், வங்கிக்காரர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். இந்தப் பக்கம் விஷன் தொடையைத் தட்டுகிறார், “யாருய்யா இந்தம்மா, தங்கம்யா!” என்கிறார். தங்கமாம். இவளுக்கு இவ்வளவு பேச வருமா? எப்போதிலிருந்து? வீட்டில் ‘சாப்பிட வாங்க’, ‘கேஸ் தீர்ந்துடுச்சு’, ‘மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம்’, இவ்வளவுதானே... இல்லை, கல்யாணமான புதிதில் இப்படித்தான், பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் சிரிக்கிற அளவுக்குப் பேசுவாள், மெதுவாப் பேசு, மானத்த வாங்காதே என்று நான்தான்... அதெல்லாம் இப்போது எதற்கு, கோபம்தான் இப்போது வேண்டியது, ஊர் பேர் தெரியாத ஏழு பேர் முன்னால் புருஷனை விற்கிறாள், அதற்கு என்ன கொடுப்பார்கள், ஒரு குடை கொடுப்பார்கள், மழைக்கு விரித்தால் மடங்காத குடை, போன கூட்டத்தில் மிச்சமானது.

கேள்வி கேட்கிற பெண் இரண்டு படம் போட்டுக் காட்டினாள். ஒன்றில் தொடர் விடாமல் ஓடுகிறது, இன்னொன்றில் நடுவில் நின்று, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்கிறது. அந்தக் கேள்வி வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்க. தூக்கினார்கள், டாக்டர், கல்லூரிக்காரி, வங்கிக்காரர் இரண்டு கையையும், விஷன் இவர் தோளைத் தட்டினார், தலைமை, தலைமை என்று உள்ளே மணி அடித்தது, அந்த ஒரு கை மட்டும் ஊக்குக் குத்திய பைமேல் அப்படியே கிடக்கிறது. தூக்கு. தூக்கேன். அவ்வளவு கனமா உன் கை? “உங்களுக்கு அந்தக் கேள்வி இருக்கணுமாம்மா?” “இருக்கட்டுங்க.” “ஏன்?” “கேக்குதே.” அவ்வளவுதான் சொன்னாள், அந்தப் பெண்ணும் விடாமல், என்ன கேக்குது என்றாள். ஆறாம் நம்பர் மூக்குக்கண்ணாடியை இறக்கித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, “எங்க வீட்ல பொழுது சாஞ்சா என்னை யாரும் எதுவும் கேக்கறதில்லைங்க. சண்டையெல்லாம் கிடையாது, நல்ல மனுஷன்தான். ஆனா கேக்கறதில்ல. அது ஒண்ணுதான் கேக்குது, இருக்கீங்களான்னு. சில நாள் தொடர்கூடப் பாக்க மாட்டேன், ரிமோட்டைக் கீழ வச்சுட்டு சும்மா உக்காந்திருப்பேன். எப்பக் கேக்கும்னு.” வங்கிக்காரர் தூக்கிய கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மெல்ல இறக்கினார், அதைப் பார்த்து டாக்டரும்.

இருட்டில் பிஸ்கட் சத்தம் நின்றது. “ஐயோ,” என்றார் விஷன், நிஜமாகவே கண் கலங்கியிருந்தது, கலங்கிய கண்ணோடு, “எழுதுங்கய்யா இத, இதான் விளம்பரம்! ‘உங்களைக் கேட்க ஒரு பெட்டி’. என் விஷன் என்னன்னா, அந்தக் கேள்வியத் தூக்கக் கூடாது, பெரிசாக்கணும். எவன் தூக்கச் சொன்னான்?” நான்தான். நீங்களும்தான், போன மாசம் மேடை ஏறி. “அந்தம்மாவோட புருஷன் அந்த நேரத்துல என்ன கிழிச்சிட்டிருக்கார்னு கேக்கச் சொல்லுங்க.” இந்தப் பக்கத்துக் கேள்விகளை அந்தப் பெண்ணின் மேசையில் இருக்கிற திரைக்குத் தட்டி அனுப்புவது இவர் வேலை. தட்டினார். தன் வீட்டைப் பற்றித் தன் பெண்டாட்டியிடம் தானே கேள்வி தட்டினார், ‘கிழிச்சிட்டிருக்கார்’ என்பதை ‘செய்துகொண்டிருப்பார்’ என்று திருத்தி. அந்தப் பெண் கேட்டாள். “பக்கத்துலதாங்க இருப்பார், போன் பாத்துட்டு.” விஷன் சப்புக்கொட்டினார், “ஜடம்” என்றார். ஜடமா? நானா ஜடம், பிஸ்கட் தின்கிற நீ யார் என்னைச் சொல்ல, உன் வீட்டில் உன்னை யார் கேட்கிறார்கள், உன் பெண்டாட்டி போன கோடையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும்... யாரும் சொல்லாமலே இன்னொரு கேள்வி தட்டினார், இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? உனக்கு இருக்கு தாயே, சொல்லவில்லை என்றுதானே சொல்வாய், சொல், சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன ஜோசியனா, கேட்டால்தானே... “எல்லாம் சொல்றதுதாங்க,” என்றாள் அவள். “இங்க வர்றதையே சொல்லிட்டுத்தான் வந்தேன். டிவி பத்திப் பேசக் கூப்பிடறாங்க, போகட்டுமான்னு கேட்டேன்.” “என்ன சொன்னார்?” “ம்-னார்.”

சொன்னாளா? எப்போது? காலையிலா, துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோதா, இல்லை ராத்திரி, இந்தக் கூட்டத்துக்கான அம்புக்குறிகளைப் போனில் சரிபார்த்துக்கொண்டிருந்தேனே அப்போதா... ஏதோ குரல் கேட்டது, டிவி என்று ஒரு சொல் விழுந்த மாதிரிகூட இருக்கிறது, அது அவள் குரலா, டிவியின் குரலா? பொய் சொல்கிறாள் என்று நினைத்துப் பார்த்தார், நினைப்பு நிற்கவில்லை, வழுக்கியது. அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்கின்றன, குடை கொடுக்கிறார்கள். எல்லாரும் வாசலுக்குப் போக, அவள் மட்டும் நேரே கண்ணாடிக்கு வந்தாள். இவருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில். தலையை ஒதுக்கினாள், மூக்குக்கண்ணாடியை மாட்டினாள், பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சிலபேர் இருப்பார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லித்தான் உட்கார வைப்பார்கள், தாமதமாக வந்தவளுக்குச் சொன்னார்களா? தன் முகத்தைப் பார்க்கிறாளா, என்னையா? முன்னந்தலையில் இவ்வளவு நரை எப்போது வந்தது... இவருடைய கை கொஞ்சம் மேலே போனது, எதற்கு என்று தெரியாமல் பாதியில் நின்றது. அவள் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள்.

“அந்தம்மாவத் தேடிப் பிடிங்க, விளம்பரத்துல அவங்களே வரட்டும், புருஷனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அந்த மூஞ்சியயும் பாக்கணும்,” என்று விஷன் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது சொல்லிவிடலாம், சார், அந்த ஆறாம் நம்பர்... “சார், அந்த ஆறாம் நம்பர்,” என்று ஆரம்பித்தே விட்டார், விஷன் திரும்பினார், ஏஜென்ட் திரும்பினான், என்ன, சொல்லுங்க, என்று எல்லாரும் பார்க்க, சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவள்தான். ‘ஏங்க, இன்னிக்கு லேட்டாகுமா?’ என்ன எழுதுவது? உன் பேச்சைக் கேட்டேன் என்றா? இங்கேதான் இருந்தேன் என்றா? யாரைக் கேட்டு வந்தாய் என்றா? குடை நன்றாக இருக்கிறதா என்றா? கேட்க எவ்வளவோ இருக்கிறது, எதிலிருந்து ஆரம்பிக்க, எப்படித்தான் ஆரம்பிப்பார்கள், என்று தேடித் தேடிப் பார்த்துக் கீழே குனிந்தால், கட்டைவிரல் தன் பாட்டுக்கு ‘ம்’ என்று போட்டு அனுப்பியிருந்தது.

“சொல்ல வந்தத அப்புறம் சொல்லுங்க,” என்றார் விஷன். “கலர் ஒண்ணு பாக்கி இருக்கு.”

பெட்டி கறுப்பு நிறத்தில் வரும் என்று ஒருமனதாக முடிவாயிற்று.